விடிஞ்சாதானே வெள்ளிக்கிழமை

வானத்துல எங்கேயோ ஒரு வால் நட்சத்திரம் போய்க்கிட்டிருக்கு. அதுக்கு லெமேன்னு பேரு. அந்தப் பேருக்குப் பக்கத்துலயே பாலசந்திரன்னு எங்க அண்ணன் பேரும் இருந்திருக்கணும். இல்லை. அதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது. யார்மேல கோபப்படறதுன்னுதான் தெரியல. லெமே நல்ல மனுஷன். எங்க அண்ணி பாவம். அண்ணனோ போய்ச் சேர்ந்துட்டார். கோபத்தைக் கொட்ட ஆள் கிடைக்காம நான் பாத்திரத்தைத்தான் போட்டு உருட்டிக்கிட்டிருக்கேன். கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டறா.

அறுபத்தேழுல, எக்ஸ்போ உலகக் கண்காட்சி நடந்த வருஷம், அண்ணனும் அலமு அண்ணியும் மாண்ட்ரியால் வந்தாங்க. அண்ணன் விமானத் தொழிற்சாலையில இன்ஜினியர், வேலை கார்ட்டியர்வில் பக்கம், வீடு ரொக்ஸ்பரோவுல. அடுத்த வருஷம் அவங்க பின்னாலேயே நானும் வந்துட்டேன். எனக்கு ஆஸ்பத்திரி லேப்ல வேலை கிடைச்சுது, லொங்குய்யில ஒரு அபார்ட்மெண்ட் பிடிச்சேன். சனிக்கிழமை ஆனா மெட்ரோ ஏறி, ரயில் மாறி, அண்ணன் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆஜர்.

அண்ணனுக்கு டெலஸ்கோப் பைத்தியம். கடையில வாங்கினது இல்ல, அவரே பண்ணது. பேஸ்மெண்ட்ல ரெண்டு வட்டக் கண்ணாடியை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு, நடுவுல அரைக்கற பொடியைப் போட்டு, மாசக்கணக்கா கரகரன்னு தேய்ப்பார். "மாவாட்டற மாதிரி இருக்கு, இட்லியாவது வருமா?"ன்னு நான் கேலி பண்ணுவேன். ஒருவழியா அது முடிஞ்சு, பின்பக்கத்துத் தோட்டத்துல நிறுத்தி, வால் நட்சத்திரம் தேட ஆரம்பிச்சார். விடியறதுக்கு முன்னால எழுந்து கிழக்கு வானத்தை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிவரைக்கும் மெதுவாப் பெருக்கற மாதிரி பார்க்கணும். எல்லாப் புள்ளியும் இருந்த இடத்துல இருந்தா போய்ப் படுத்துக்கணும். இப்படி வருஷக்கணக்கா. புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சா உடனே அமெரிக்காவுல இதுக்குன்னே இருக்கற அலுவலகத்துக்குத் தந்தி கொடுக்கணும். ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேர் பார்த்திருந்தா எல்லார் பேரையும் வரிசையா வெச்சுடுவாங்க.

நகரத்துல இந்தப் பைத்தியங்களுக்கு ஒரு சங்கம் இருந்துது. பாதிப் பேர் பிரெஞ்சு, பாதிப் பேர் இங்கிலீஷ், நடுவுல எங்க அண்ணன். அங்கே அவருக்கு உயிர் சிநேகிதர் லெமே. அஹுன்ட்சிக்ல பள்ளிக்கூட வாத்தியார், பெரிய தொப்பை, சிரிச்சா ரூமே அதிரும். ரெண்டு பேரும் வானத்து வரைபடத்தை மாத்தி மாத்தி எடுத்துப்பாங்க, ஒரே நட்சத்திரத்துக்காக மணிக்கணக்கா சண்டை போடுவாங்க.

ஒரு தடவை சங்கத்துல அண்ணன் பேசினார். கைதட்ட ஆள் வேணும்னு என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார். டெலஸ்கோப் வந்த புதுசுல, வியாழ கிரகத்தைச் சுத்தற நாலு நிலாவை முதல்ல பார்த்தது யாருங்கற சண்டையைப் பத்தித்தான் பேச்சு. இத்தாலியில கலிலியோ, ஆயிரத்து அறுநூத்திப் பத்து ஜனவரி ஏழாம் தேதி பார்த்தேன்னார். ஜெர்மனியில சைமன் மாரியஸ்னு ஒருத்தர், அதுக்கு முந்தின டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதியே எழுதி வெச்சேன்னார். கேட்டா மாரியஸ் முந்தின மாதிரி இருக்கும். ஆனா அவர் ஊர்ல பழைய காலண்டர், இத்தாலியில புதுசு, நடுவுல பத்து நாள் வித்தியாசம். கணக்குப் போட்டா மாரியஸோட தேதி ஜனவரி எட்டு. ஒரே ஒரு நாள் பிந்திட்டார். கலிலியோவுக்கு வந்துதே கோபம்! காலண்டரைக் காட்டி ஏமாத்தற திருடன்னு எழுதிட்டார். அந்தப் பேர் முந்நூறு வருஷம் போகல. மாரியஸ் நிஜமாவே தானாப் பார்த்தவர்தான்னு இந்த நூற்றாண்டுலதான் கணக்குப் போட்டுச் சொன்னாங்களாம்.

"அவர் தன் கண்ணாலதான் பார்த்தார். அவர் ஊர்ல எது தேதியோ அதை எழுதினார். ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்றதுக்கு முன்னால, உங்க ஊர்ல நாளை எப்படி எண்ணுவீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?"ன்னு அண்ணன் முடிச்சார்.

லெமே பின்வரிசையிலேருந்து கத்தினார். "தேதியை ஒழுங்கா எழுதத் தெரியாதவனுக்கு நிலா எதுக்கு பாலா?" எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணனும்தான். நானும் சிரிச்சேன்.

இப்போ அண்ணியைப் பத்திச் சொல்லணும். அண்ணிக்கு ரெண்டு தடவை கரு தங்கல. மூணாவது பெண் குழந்தை, முழுசாப் பொறந்துது, ஒரு வாரம் மூச்சு விட்டுது, போயிடுத்து. பேர்கூட வைக்கல. அதுக்கப்புறம் அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்தவங்க படுத்தவங்கதான். சமையல் கிடையாது, பேச்சு கிடையாது. பேசினா ஒரே பேச்சு: "என் கை பட்டா எதுவும் உருப்படாது பத்மா." பால் பொங்கினா அதைச் சொல்வாங்க, செடி வாடினா அதைச் சொல்வாங்க. டாக்டர் மாத்திரை மேல மாத்திரை கொடுத்தார். ஒருநாள் மாத்திரையையெல்லாம் கையில கொட்டி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்ததை அண்ணன் பார்த்துட்டார். அன்னிலேருந்து அவர் நிம்மதியாத் தூங்கினதே இல்லை.

அந்த அண்ணியைக் கட்டிலை விட்டு எழுப்பினது டெலஸ்கோப்தான். தனியா விட பயந்துக்கிட்டு அண்ணன் அவங்களையும் கம்பளியைப் போத்தித் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவார். முதல்ல சும்மா உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் பிளாஸ்க்ல காபி போட ஆரம்பிச்சாங்க. அப்புறம் இருட்டுக்குப் பழகின கண்ணு கூசாம இருக்க டார்ச்சுக்கு சிவப்புத் துணி கட்டி வரைபடத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு சனிக்கிழமை எனக்குச் சாம்பார் ஊத்தும்போது சொன்னாங்க: "இந்த ஊர்ல அப்பா பேர்தானே பிள்ளைக்குக் கடைசிப் பேர்? நம்ம வீட்ல அந்தப் பேரை வாங்கிக்க யாரும் வரல. ஒரு வால் நட்சத்திரமாவது வாங்கிக்கட்டுமே." நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

எழுபத்திரண்டு செப்டம்பர்ல அது வந்துது. ஒரு நாள் விடிகாலை அஞ்சு மணிக்கு என் போன் அடிக்குது. எடுத்தா அண்ணி. அப்படி ஒரு குரலை நான் அவங்ககிட்டக் கேட்டதே இல்லை.

"பத்மா! கிடைச்சுடுத்து! இவர் கண்ணை எடுக்க முடியாம நிக்கறார், வெளிச்சம் வர்றதுக்குள்ள அளக்கணுமாம். அதனால தந்தி யார் கொடுத்தது தெரியுமா? நான்! தோட்டத்துலேருந்து இவர் இடத்தையும் மணியையும் கத்தறார், நான் சமையலறை போன்ல அந்தத் தந்திக்காரப் பொண்ணுக்கு ஒவ்வொரு எண்ணாச் சொல்றேன். தேதி என்னன்னு கேட்டா, அதுவும் நானே சொல்லிட்டேன். ஒரு தப்பு இல்லாம சொன்னேன்டி!"

அண்ணி என்னை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. நான் போனைப் பிடிச்சுக்கிட்டே குதிச்சேன்.

அதே காலையில, அண்ணனுக்கு அரைமணி முன்னால, அஹுன்ட்சிக்ல தன் வீட்டு மொட்டை மாடியிலேருந்து லெமேயும் அதைப் பார்த்திருந்தார். அவரும் தந்தி கொடுத்திருந்தார். அதனால என்ன? லெமே, பாலசந்திரன்னு ரெண்டு பேரும் சேர்ந்தே வந்திருக்கும். சிநேகிதங்க பேர் ரெண்டும் ஒட்டிக்கிட்டே வானத்துல சுத்தியிருக்கும்.

ஆனா அண்ணன் பேர்ல போன தந்தியில வியாழக்கிழமைத் தேதி இருந்துது. அவங்க பார்த்தது வெள்ளிக்கிழமை விடிகாலை.

வியாழக்கிழமை விடிகாலை மாண்ட்ரியால் முழுக்கக் கொட்டோ கொட்டுன்னு மழை. மெட்ரோவுக்குள்ள நுழையறதுக்குள்ள நானே தொப்பலா நனைஞ்சேன். அந்த மழையில எவனும் நட்சத்திரம் பார்த்திருக்க முடியாது. போதாததுக்கு வால் நட்சத்திரம் தினம் நகருது. அண்ணன் சொன்ன இடம் வெள்ளிக்கிழமைக்கு அப்படியே பொருந்துது, வியாழக்கிழமைக்குப் பொருந்தல. அலுவலகத்துலேருந்து கேட்டாங்க. தேதி தப்பா வந்துடுத்து, வெள்ளிக்கிழமைதான்னு அண்ணன் பதில் கொடுத்தார். ஆனா அதுக்குள்ள லெமே கண்டுபிடிச்ச சேதி ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. மாட்டிக்கிட்டப்புறம் மாத்திச் சொல்ற மாதிரி ஆயிடுத்து. சந்தேகமான தந்தியை அவங்க ஒதுக்கி வெச்சாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது, நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.

சங்கத்துக் கூட்டத்துல லெமே எழுந்து நின்னார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "நொடியைக்கூட விடாம எழுதற இன்ஜினியர் நீ. கிழமையை மட்டும் எப்படி மறந்தே? வேற யாராவது முந்திடுவாங்கன்னு ஒரு நாள் முந்தின தேதியைப் போட்டே, அவ்வளவுதானே? என்கிட்டயேவா பாலா?" அப்புறம் பிரெஞ்சுல ஒரு வார்த்தை சொன்னார். திருடன்னு அர்த்தம். தந்தியை யார் எழுதினதுன்னு தலைவர் கேட்டதுக்கு அண்ணன், "நான்தான். என் தப்புதான்"னு சொல்லிட்டு உட்கார்ந்தார். அதுக்கப்புறம் அந்தப் படி ஏறவே இல்லை.

இதெல்லாம் வேற ஒருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. கேட்டதும் ரத்தம் கொதிச்சுது. சாயந்திரமே ரொக்ஸ்பரோ ஸ்டேஷனுக்குப் போய், அண்ணன் ரயிலை விட்டு இறங்கினதும் பிளாட்பாரத்துலயே பிடிச்சுக்கிட்டேன்.

"தந்தி கொடுத்தது அண்ணி. உனக்கு என்ன கேடு, நான்தான் எழுதினேன்னு சொல்றே? அண்ணி எதுக்கு வியாழக்கிழமைன்னு சொன்னாங்க?"

அண்ணன் சுத்திமுத்தும் பார்த்தார். எல்லாரும் போறவரைக்கும் காத்திருந்தார்.

"அவ தப்பா ஒண்ணும் சொல்லல பத்மா. நம்ம வீட்ல எப்படிச் சொல்வோமோ அப்படிச் சொன்னா. காலம்பற எழுந்து விளக்கேத்தறதுக்கு முன்னால உனக்கு வெள்ளிக்கிழமை பொறந்துடுமா? விடிஞ்சாதானே வெள்ளிக்கிழமை. இருட்டா இருந்துது, அவளுக்கு அது வியாழக்கிழமை ராத்திரி. வெள்ளைக்காரனுக்கு நாள் பன்னெண்டு மணிக்கு மாறும்னு அந்தச் சந்தோஷத்துல அவளுக்குத் தோணல. எனக்கும் சரிபார்க்கத் தோணல."

"இதை அப்படியே லெமேகிட்டச் சொல்லேன்! நீ பேசினியே, நாளை எப்படி எண்ணுவீங்கன்னு கேளுங்கன்னு? சொல்லித் தொலையேன்!"

"சொன்னா அவர் வீட்டுக்கு வருவார். அலமுகிட்டக் கேப்பார். அவளுக்குத் தெரிஞ்சுடும்." அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "என் கை பட்டா உருப்படாதுன்னு இப்பத்தான் சொல்றதை நிறுத்தியிருக்கா. அவ வாழ்க்கையில நல்லபடியா முடிஞ்சதுன்னு அவ நினைக்கறது இந்தத் தந்தி ஒண்ணுதான். அதுவும் பாழ்னு நான் போய்ச் சொல்லட்டுமா? அந்த மாத்திரைகளை நான் பார்த்தவன். என்னைத் திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். நீயும் மூச்சு விடக்கூடாது. என்மேல சத்தியம் பண்ணு."

நான் பண்ணினேன். வேற என்ன பண்றது? அந்த மாத்திரைக் கதை எனக்கும் தெரியும்.

அண்ணிகிட்ட, லெமே அரைமணி முந்திட்டார், இந்தத் தடவை ஒரு பேர்தான் வெக்கறாங்களாம்னு அண்ணன் சொல்லி வெச்சார். ஒரு ராத்திரி அழுதாங்க. அப்புறம், "போகட்டும், தந்தியாவது நான் ஒழுங்காக் கொடுத்தேனே"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் மெல்ல மெல்ல மனுஷியானாங்க. வேலைக்குக்கூடப் போனாங்க, பக்கத்துத் தெரு கார்தெரியில குழந்தைகளைப் பார்த்துக்கற வேலை. சின்னதுங்க பிரெஞ்சுல கத்தும், இவங்க தமிழ்ல கொஞ்சுவாங்க. அண்ணன்தான் ஆள் மாறிப் போனார். குளிர் ஒத்துக்கலைன்னு டெலஸ்கோப்பை பேஸ்மெண்டுக்கு இறக்கினார். அது மேல போர்வையைப் போட்டு மூடினார். லெமேயை ஒரு தடவை நகரத்துல எதிர்ல பார்த்திருக்கார். லெமே தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டாராம். அண்ணன் இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் யாரையாவது அறையணும் போல இருந்துது.

எழுபத்தேழு பிப்ரவரியில அண்ணனுக்கு மாரடைப்பு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. நானும் அண்ணியும் பக்கத்துலயே இருந்தோம். சனிக்கிழமை, விடியறதுக்கு இன்னும் நேரம் இருக்கு, ஜன்னலுக்கு வெளியில பனி கொட்டுது, போயிட்டார். நாற்பத்தேழு வயசு. சாகற வயசா அது?

பத்து நாள் காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு மத்தியானம் வாசல் மணி அடிச்சுது. திறந்தா லெமே. தொப்பை பாதியாக் குறைஞ்சிருந்தது. பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டு, தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னார். இப்போ அவர்தான் சங்கத்துச் செயலாளராம். சங்கத்துப் பத்திரிகையில அண்ணனைப் பத்தி நாலு வரி போடணுமாம். "எங்களுக்குள்ள என்ன நடந்திருந்தாலும், கண்ணாடி தேய்க்கறதுல அவனுக்கு ஈடு இந்த ஊர்லயே கிடையாது மதாம்"னு அண்ணிகிட்ட இங்கிலீஷ்ல சொன்னார். என்ன நடந்துதுன்னு அண்ணி கேக்கல. ஏதோ சிநேகிதச் சண்டைன்னு நினைச்சுக்கிட்டாங்க.

"காலமான நாளை எப்படிப் போடட்டும்?"

"வெள்ளிக்கிழமை"ன்னாங்க அண்ணி.

லெமே தயங்கினார். "மன்னிக்கணும் மதாம். நான் ஆஸ்பத்திரியில விசாரிச்சேன். சனிக்கிழமை காலைன்னாங்களே?"

"காபி போடட்டுமா? மிஸ்யூ லெமே, காபி?"ன்னு குறுக்க விழுந்தேன். யாரும் கேக்கல.

"விடியலையே"ன்னாங்க அண்ணி, சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி. "சூரியன் வந்தாத்தானே சனிக்கிழமை? அவர் போனது வெள்ளிக்கிழமை ராத்திரி. எங்க கணக்கு அப்படித்தான். நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்."

லெமேயோட பேனா நின்னு போச்சு. அவர் முட்டாள் இல்லை. வாழ்நாள் பூரா நாளும் நேரமும் எண்ணினவர். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம்னு. ஆனா அவர் வாய் அதுக்குள்ள திறந்துடுத்து.

"மதாம், அன்னிக்கு அந்தத் தந்தி... அதை யார் கொடுத்தது?"

அவ்வளவு துக்கத்துலயும் அண்ணி முகம் ஒரு நிமிஷம் மலர்ந்துது. "நான்தான் கொடுத்தேன். அவர் தோட்டத்துல இருந்தார். தேதிகூட நானே சொன்னேன்."

லெமே தொப்பியால முகத்தை மூடிக்கிட்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்குது. தெய்வமே தெய்வமேன்னு பிரெஞ்சுல சொல்றார், அவன் ஏன் என்கிட்ட வாயைத் திறக்கலன்னு கேக்கறார், நான் அவனைத் திருடன்னு சொன்னேனேன்னு சொல்றார். கார்தெரியில வேலை பார்த்ததுல அண்ணிக்கு இப்போ அந்த அளவு பிரெஞ்சு புரியும்.

அண்ணி என் பக்கம் திரும்பினாங்க. "நான் எந்தத் தேதி சொன்னேன் பத்மா?"

அண்ணி விரலை மடக்கினாங்க, விடிகாலை, விளக்கு, வெள்ளிக்கிழமைன்னு முணுமுணுத்தாங்க. விரல் பாதியில நின்னுது.

"உனக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன்.

அழுவாங்கன்னு நினைச்சேன். அழல. அவங்களுக்குக் கோபம் வந்துது. அண்ணி கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "என்னை என்னன்னு நினைச்சார் உங்க அண்ணன்? இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்துட்டு, ஒரு வார்த்தை? நான் தாங்க மாட்டேன்னு அவருக்கு யார் சொன்னா? பெத்த குழந்தையைத் தூக்கிக் கொடுத்தவ நான், ஒரு தேதியைத் தாங்க மாட்டேனா? இவர் வீட்டுக்கு ஓடிப்போய், தப்பு என்னுதுன்னு கால்ல விழுந்திருப்பேனே! அவரைத் திருடன்னு சொல்ல விட்டிருக்க மாட்டேனே!" சாமி அலமாரிக்குப் பக்கத்துல வெச்சிருந்த அண்ணன் போட்டோவைப் பார்த்துக் கத்தினாங்க. "ஏன் சொல்லல? ஏன் சொல்லல நீங்க?"

இருபது வருஷக் கல்யாணத்துல அவரைப் பார்த்து அவங்க குரலை உசத்தினது அன்னிக்குத்தான். பதில் சொல்லத்தான் அவர் இல்லை.

லெமே அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தார். வெச்ச பேரை மாத்தறதில்லையாம். மாத்த மாட்டாங்கன்னு எங்களுக்கும் தெரியும். அடுத்த மாசம் சங்கத்துப் பத்திரிகை வந்துது. பாலசந்திரன் வெள்ளிக்கிழமை காலமானார்னு போட்டிருந்தார். அதுக்குக் கீழே, 'அவர் குடும்பத்து வழக்கப்படி நாள் சூரியோதயத்தில்தான் மாறும். இதை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனவன் நான்'னு எழுதி, தன் கையெழுத்தையும் போட்டிருந்தார். அண்ணி அதைப் படிச்சாங்க. மடிச்சு என் கையில கொடுத்தாங்க. "இதை யாருக்கு அனுப்பியிருக்கார்? படிக்க வேண்டியவர் எங்கே?"ன்னாங்க.

அண்ணி இப்பவும் ரொக்ஸ்பரோவுலதான் இருக்காங்க. கார்தெரிக்குப் போறாங்க, சமைக்கறாங்க, மாத்திரை எதுவும் இல்லை. அண்ணன் பயந்த மாதிரி ஒண்ணும் நடக்கல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமா இருக்கு. அவர் சொல்லியிருக்கலாம். அண்ணி தாங்கியிருப்பாங்க.

ஒண்ணே ஒண்ணுதான். தினமும் காலையில, வெளிச்சம் நல்லா வந்தப்புறம், லொங்குய்யில என் போன் அடிக்கும். நான் பல் தேய்ச்சுக்கிட்டிருந்தாலும் ஓடிப்போய் எடுப்பேன். அண்ணி வேற எதுவும் பேச மாட்டாங்க.

"பத்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

சொல்வேன்.

"நிச்சயமா?"ன்னு கேப்பாங்க. நிச்சயமாத்தான் அண்ணின்னு சொன்னப்புறம்தான் போய் விளக்கேத்துவாங்க.